ஊர்க்காரர் பெட்டியில் ஒரு பொட்டலம்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில், நகரத்திலிருந்து 5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது விமான நிலையம். 2024 ஜனவரி 2-ம் தேதி திறந்து வைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம், கோலமும் கோபுரமுமாகச் சுவரெங்கும் ஓவியத்தோடு நிற்கிறது. சென்னை, பெங்களூரு என்று உள்நாட்டுக்குப் போகிறவர்களைவிட, சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா, கொழும்பு என்று வெளிநாட்டுக்குப் போகிறவர்களே இங்கே அதிகம். இந்த நிலையத்தை நகரத்து நிலையம் என்பதைவிடக் கிராமத்து நிலையம் என்பதே பொருத்தம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி, காரைக்குடி, பெரம்பலூர் என்று சுற்றுவட்டார ஊர்களின் பிள்ளைகள் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள்.

மாலை நேரத்தில் வாகனங்கள் நிற்கும் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். வேனின் பின்கதவு திறந்திருக்கும். தரையில் சாக்கு விரித்து, அதன்மேல் பெட்டியைத் திறந்து வைத்து, ஒரு குடும்பமே குனிந்து நிற்கும். ஒருவர் கையில் தொங்கு தராசு. "இன்னும் ஒண்ணரை கிலோ கூட இருக்குப்பா, எதையாவது எடு" என்பார். எடுக்கப்படுவது பெரும்பாலும் பயணியின் சொந்தத் துணியாகத்தான் இருக்கும். ஊரார் கொடுத்த பொட்டலத்தை எடுக்க மனம் வராது. "அது முருகேசன் அம்மா குடுத்தது, அதை வெச்சுடு" என்று சட்டையையும் கைலியையும் வெளியே எடுத்து வைப்பார்கள்.

விமானம் ஏறுகிறவர் கையில் அக்கம்பக்கத்தார் பொட்டலம் கொடுத்தனுப்பும் வழக்கம் அத்தனை ஆழமாக வேரோடியிருக்கிறது. வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் பொட்டலம் அனுப்புகிறவர் ஊரிலேயே இருக்கிறார். வெளிநாட்டு அதிகாரி முன்னால் பெட்டியைத் திறந்து காட்டி நிற்கப்போகிறவர், அதைச் சுமந்து போகிறவர். அந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு பொட்டலம் கட்டினால், பாதித் தொல்லை வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

கப்பல் காலத்து வழக்கம்

இது விமானத்தோடு வந்த பழக்கம் அல்ல. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்குக் கப்பல் போன காலத்திலேயே தொடங்கியது. 1926-ல் ஓடத் தொடங்கிய 'ரஜுலா' கப்பலில் ஏறிப்போன தாத்தாக்கள் தகரப்பெட்டியில் ஊர்ச் சாமான்களைச் சுமந்தார்கள். அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்கு ஆளானதோடு அந்தக் கடல் போக்குவரத்து நின்றுபோனது. கப்பலில் எடைக்கணக்கு இவ்வளவு கறாராக இல்லை. ஊர்க்காரர் ஒருவர் போகிறார் என்றால், மூட்டையாகவே கொடுத்தனுப்பலாம். வந்து சேர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும்.

இப்போது நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர் போய்விடலாம். ஆனால் எடை கிராம் கணக்கில் வந்துவிட்டது. கையில் எடுத்துப் போகும் பைக்கு வழக்கமாக 7 கிலோ. சரக்கில் போடும் பெட்டிக்கு வாங்கிய டிக்கெட்டைப் பொறுத்து 20, 25, 30 கிலோ. குறைந்த கட்டண விமானங்களில் பெட்டிக்குத் தனிப் பணம். அதைத் தாண்டினால் கிலோ கணக்கில் கட்டணம். அதனால் யாராவது ஊருக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், "எப்பண்ணே கிளம்புறீங்க? ஒரு ரெண்டு கிலோ இடம் இருக்குமா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. ஐந்து வீட்டிலிருந்து இரண்டிரண்டு கிலோ வந்தால் பத்து கிலோ ஆயிற்று. மறுத்தால் மனத்தாங்கல். வாங்கிக்கொண்டால் சுமை.

எனவே கேட்கும்போதே எடையைச் சொல்லிக் கேட்பது முறை. வீட்டுத் தராசில் நிறுத்து, பொட்டலத்தின் மேலேயே எடையை எழுதிக் கொடுத்தால் சுமப்பவருக்கு உதவி. "சும்மா கொஞ்சம்தான்" என்று கொடுத்த பை மூன்றரை கிலோ இருந்தால், அதற்கான பணத்தைக் கட்டுகிறவர் அவர்தான்.

பையில் போவது வயலின் விளைச்சல்

அந்தப் பெட்டிகளுக்குள் இருப்பதை ஒரு மாவட்டத்தின் சாகுபடிப் பட்டியல் என்றே சொல்லலாம். மாசி, பங்குனி வெயிலில் காய்ந்த சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல், மோர்மிளகாய், கூழ்வடகம். ராமநாதபுரத்து முண்டு மிளகாய். புது மல்லி போட்டு மில்லில் அரைத்த குழம்புத்தூள். வேப்பம்பூ. தோட்டத்து நார்த்தங்காய் ஊறுகாய். மணப்பாறை முறுக்கு. வறுத்த நிலக்கடலை. இடித்த ஆவாரம்பூப் பொடி, முருங்கை இலைப் பொடி. இவற்றில் பலவும் சிங்கப்பூர்க் கடையிலேயே கிடைக்கும். ஆனால் அம்மா இடித்த பொடி கடையில் கிடைக்காதே.

அனுப்பும் பொருள் கெடாமல் போய்ச் சேர, அறுவடைக்குப் பின் செய்யும் வேலையைப் போலவே சில வேலைகள் உண்டு. முதலாவது ஈரம். வத்தலும் மிளகாயும் வெளியே காய்ந்தாற்போல் இருக்கும், காம்புப் பக்கம் ஈரம் நிற்கும். கையில் ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் தேவை. வெயிலில் காய்ந்ததைச் சூட்டோடு கட்டக்கூடாது. ஆறவிட்டுக் கட்டவேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து, பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டாவது பூச்சி. மல்லி, மஞ்சள், மிளகாய் இவற்றில் சிகரெட் வண்டும், மாவில் சிவப்பு மாவு வண்டும், பயறு வகையில் பயறு வண்டும் முட்டையாகவே ஒளிந்திருக்கும். கட்டும்போது கண்ணுக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து, விடுதி அறை அலமாரியில் ஊர்ந்து வரும். வறுக்க வேண்டியதை நன்றாக வறுத்து அரைப்பது முதல் பாதுகாப்பு. மாவு வகைகளைக் காற்றுப்புகாமல் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபனிப் பகுதியில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் முட்டைகள் சாகும். வெளியே எடுத்ததும் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு துடைத்துவிட்டு அனுப்பலாம்.

மூன்றாவது கட்டுமானம். ஊறுகாய்க்குக் கண்ணாடிப் புட்டி வேண்டாம். வாய் இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் அளவு நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டவேண்டும். எண்ணெய் கசிந்தால் கெடுவது சுமப்பவரின் துணி.

ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பொருளின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுவது நான்காவது. வேப்பம்பூ என்றால் நமக்குத் தெரியும். எக்ஸ்ரே திரையைப் பார்க்கும் அதிகாரிக்கு அது கறுத்த தூசி. பெயரில்லாத வெள்ளைப் பொடியும் பச்சைத் தூளும் எந்த ஊரிலும் சந்தேகத்தைக் கிளப்பும்.

திருச்சியிலேயே நிற்கும் பொருள்கள்

சில பொருள்கள் கடல் தாண்டுவதற்கு முன்பே, திருச்சிப் பாதுகாப்புச் சோதனையிலேயே நின்றுவிடுகின்றன. அவற்றில் தென்னை விவசாயிகளை வியக்க வைப்பது கொப்பரை. முழுக் கொப்பரையைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் போட முடியாது. பேராவூரணிப் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருப்பவருக்குக் காரணம் எளிதில் புரியும். சரியாகக் காயாத கொப்பரையைக் குவித்து வைத்தால் குவியலுக்குள் கைவைக்க முடியாத அளவு சூடேறும். எண்ணெய்ச் சத்து நிறைந்த அந்தப் பொருள் தானாகவே தீப்பிடிக்கும் வகையைச் சேர்ந்தது என்று விமானச் சரக்கு விதிகள் அதைத் தனியே வகைப்படுத்தியிருக்கின்றன. கற்பூரமும் எளிதில் தீப்பற்றும் பொருள். பூசைச் சாமானோடு சேர்த்துக் கட்டிவிடாமல் எடுத்து வைத்துவிட வேண்டும்.

நெய், நல்லெண்ணெய், தேன், ஊறுகாய், மிளகாய்த்தூள் இவையெல்லாம் கைப்பைக்கு ஆகாது. சரக்குப் பெட்டியில்தான் போகவேண்டும். நேர்மாறாக, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் சரக்குப் பெட்டியில் போகக்கூடாது, கையில்தான் எடுத்துப் போகவேண்டும்.

மயிலிறகு இன்னொன்று. விராலிமலைச் சுற்றிலும், புதுக்கோட்டை மாவட்டத்துக் கொல்லைகளிலும் மயில் நடமாட்டம் அதிகம். கடலைக் காட்டில் உதிர்ந்து கிடக்கும் இறகைப் பொறுக்கி, பேரக்குழந்தைக்கு என்று நான்கைந்து கொடுத்தனுப்பும் பாட்டிகள் உண்டு. தானாக உதிர்ந்தது என்றாலும் மயிலிறகை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. சந்தனக் கட்டையும் அப்படியே கெடுபிடிக்கு உரியது. பரணில் கிடந்த பழைய வெண்கலச் சிலையையோ விளக்கையோ கொடுத்தனுப்புவதும் ஆபத்து. 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும்.

இறங்கும் நாட்டுக்கு ஒரு கணக்கு

எல்லா நாட்டுக்கும் ஒரே பொட்டலம் ஆகாது. ஒரு வீட்டில் மூத்தவன் துபாயிலும், இளையவன் சிங்கப்பூரிலும், பேத்தி ஆஸ்திரேலியாவிலும் இருந்தால், மூவருக்கும் ஒரே பட்டியல் போட்டு அனுப்ப முடியாது.

வளைகுடா நாடுகளுக்குப் போகும் பெட்டியில் இருக்கவே கூடாத சமையல் சாமான் கசகசா. நம் அஞ்சறைப் பெட்டியில் அது குருமாவுக்குப் போடும் சாமான். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் அது போதைப்பொருள் வரிசையில் வரும் தடை செய்யப்பட்ட விதை. வெற்றிலைக்கும் அமீரகத்தில் தடை உண்டு. கசகசா சேர்த்து அரைத்த மசாலாவைக்கூடத் தவிர்த்துவிட வேண்டும். சிங்கப்பூருக்கும் கசகசா வேண்டாம். மெல்லும் புகையிலை, பான் பொட்டலங்கள் சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டவை. இறைச்சிப் பண்டங்களைச் சிங்கப்பூர் தான் அனுமதித்த நாடுகளிலிருந்து மட்டுமே உள்ளே விடுகிறது. எனவே உப்புக்கண்டத்தை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது.

மேற்கே போகப் போகக் கெடுபிடி செடி, விதை, காய்கனி மேல் திரும்புகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு 2019 டிசம்பர் 14 முதல், பயணியின் பையில் போகும் பச்சைக் காய்கனிக்கும் பயிர் நலச் சான்று வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய 5-க்கு மட்டுமே விலக்கு. பால், இறைச்சிப் பொருள்களையும் பயணிகள் அங்கே கொண்டுபோக முடியாது. பால்கோவாவும் இதில் அடக்கம்.

அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை போகக்கூடாது. அரிசியும் பையில் போகக்கூடாது. ஆஸ்திரேலியாவோ, 2020 முதல் அரிசி, துவரை, உளுந்து, கொண்டைக்கடலை, மல்லி விதை, சீரகம், காய்ந்த மிளகாய், நிலக்கடலை என்று ஒரு நீண்ட பட்டியலையே பயணிகள் பையில் தடுத்துவிட்டது. அங்கே இறங்கும்போது, உணவுப் பொருள் எது இருந்தாலும் படிவத்தில் எழுதிக் காட்டவேண்டும். காட்டினால் பொருள் மட்டும் போகும். மறைத்தால் அபராதம் வரும், சில நேரம் விசாவும் போகும்.

ஏன் இத்தனை கெடுபிடி?

"ஒரு கொத்துக் கறிவேப்பிலையில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்கத் தோன்றும். எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு விடை தெரியும். கறிவேப்பிலைக் கொழுந்தில் உட்காரும் சைலிட் என்னும் சிறு பூச்சிதான், எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு மரங்களை மஞ்சளாக்கிச் சாகடிக்கும் பசுமையாதல் நோயைப் பரப்புகிறது. இந்த நோய்க்கு மருந்து இல்லை. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒரு கொத்தோடு போகும் பூச்சி ஒரு தோப்பையே சாய்க்கும்.

அரிசி, பருப்பைத் தடுப்பதற்குக் காரணம் காப்ரா வண்டு. இதன் புழு சுவர் இடுக்கில், மரப்பெட்டி இடுக்கில், சாக்குத் தையலில் தீனியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மாம்பழத்தைத் தடுப்பதற்குக் காரணம் பழ ஈயும் கொட்டை வண்டும். 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும், அதோடு கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் நிறுத்தி வைத்தது பழ ஈ போன்ற பூச்சிகளுக்காகத்தான். மாம்பழத்தின் மேலிருந்த தடை 2015-ல் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் விலை விழுந்ததைத் தாங்கியவர்கள் ஏற்றுமதிக்கு என்று பழம் வளர்த்த விவசாயிகள்.

இந்தக் கெடுபிடி அவர்களுடைய வீண் பிடிவாதம் அல்ல என்பதை நம் மண்ணே சொல்லும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூரில் காணப்பட்டது. இரண்டே ஆண்டில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வெள்ளையாக அப்பி, தோட்டம் தோட்டமாக அழித்தது. மருந்து அடித்து மாளவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபாகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, பிறகு சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளைத் தாக்கியது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்தப் பூச்சிக்கும், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற குளவியைத் தருவிக்க வேண்டியிருந்தது.

மாவுப்பூச்சியில் பெண்ணுக்கு இறக்கை கிடையாது. தானாகப் பறந்து கடல் தாண்டாது. குச்சி, நாற்று, இலை, காய் இவற்றோடு ஒட்டிக்கொண்டுதான் நாடு விட்டு நாடு வரும். எனவே போகும் பெட்டிக்குச் சொன்ன கணக்கு, வரும் பெட்டிக்கும் பொருந்தும். விடுமுறைக்கு வரும் பிள்ளை "அப்பா, இது தாய்லாந்துப் பலா, ஒட்டுக்கன்னு" என்றோ, "மலேசியா ரம்புட்டான் கொட்டை" என்றோ ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் 2003-ம் ஆண்டின் பயிர்த் தடுப்புக்காப்பு ஆணைப்படி, வெளிநாட்டு விதை, நாற்று, மண் எதையும் இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுப் பயிர் நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. ஆசைப்பட்ட ரகத்தை இங்கேயே பதிவுபெற்ற நாற்றுப்பண்ணையில் வாங்கி நடலாம். பக்கத்துக் கொல்லைக்காரனுக்கும் சேர்த்துச் செய்கிற நன்மை அது.

பெட்டிக்குப் பொறுப்பு யார்?

விமானத்தில் பெட்டியைப் போடும்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் பெட்டியை நீங்களே கட்டினீர்களா? வேறு யாராவது எதையாவது கொடுத்தார்களா?" பலர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்கிறார்கள். அந்தத் தலையாட்டலோடு, பெட்டிக்குள் இருக்கும் எல்லாமே அவருடையது என்றாகிவிடுகிறது.

சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. 15 கிராம் என்பது ஒரு மேசைக்கரண்டித் தூள். பையைக் கொண்டு வந்தவருக்கு உள்ளே இருப்பது தெரியும் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது அவர் பாடு. நம் நாட்டின் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் அதே வழியில்தான் பார்க்கிறது. "பக்கத்து ஊர்க்காரர் கொடுத்தார், ஊறுகாய் என்றார், நம்பி வாங்கினேன்" என்பது உண்மையாகவே இருந்தாலும், அதை அங்கே தனியாக நின்று, தெரியாத மொழியில் நிரூபிக்க வேண்டும். வேலை போய்விடும். வாங்கிய கடன் நிற்கும். ஊரில் நிலத்தை அடகு வைத்து அனுப்பிய குடும்பம் தவித்துப்போகும்.

மருந்து மாத்திரையிலும் இதே ஆபத்து இருக்கிறது. இங்கே மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளும், இருமல் மருந்துகளும், தூக்க மாத்திரைகளும் வளைகுடாவில் கட்டுப்படுத்தப்பட்ட போதை மருந்துகள். டிரமடால், கோடீன் கலந்தவை அந்த வரிசையில் வரும். மகனுக்கு இடுப்புவலி என்று இரண்டு அட்டை மாத்திரையை மசாலாப் பொட்டலத்துக்குள் செருகிவிடும் தாய்க்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. யார் மருந்து சாப்பிடுகிறாரோ, அவர்தான் மருத்துவரின் சீட்டோடு, தன் பெயரில், அந்த நாட்டு விதியைக் கேட்டுக்கொண்டு கொண்டுபோக வேண்டும். அடுத்தவர் கையில் மாத்திரை கொடுத்தனுப்பவே கூடாது.

அதனால் நல்ல ஊர்களில் தானாகவே ஒரு முறை வந்திருக்கிறது. பொட்டலத்தை ஒட்டாமல், தைக்காமல், திறந்தபடியே கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்குகிறவர் எதிரிலேயே கொட்டிக் காட்டி, பிறகு சேர்ந்தே கட்டுவார்கள். "பிரிச்சுப் பாத்துக்க தம்பி, சங்கடப்படாத" என்று கொடுப்பவரே சொல்லிவிட்டால், சுமப்பவருக்குக் கேட்கும் கூச்சம் இல்லை. பிரித்துப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது. பால் கொடுப்பவர் எதிரிலேயே அளந்து ஊற்றுகிற மாதிரிதான் இதுவும். பிரிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால், அந்தப் பொட்டலத்தை வாங்காமல் இருப்பதே இருவருக்கும் நல்லது. தைத்த தலையணை, ஒட்டிய அட்டைப்பெட்டி, மூடி உருக்கி ஒட்டிய டப்பா, புதுச் செருப்பு, மின்சாரச் சாமான் இவற்றை ரத்த சொந்தம் அல்லாதவரிடமிருந்து வாங்கவே வேண்டாம்.

விமான நிலைய வாசலில் வந்து, "அண்ணே, நம்ம பக்கத்து ஊர்தான், ஒரே ஒரு பை, அங்க வந்து வாங்கிக்குவாங்க, செலவுக்குக் காசு தர்றேன்" என்பவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்வதே சரி. காசுக்காக நகையும் மின்சாரச் சாமானும் சுமக்கிறவர்களுக்குக் 'குருவி' என்று பெயர். குருவிகளை அனுப்புகிறவர் மாட்டுவதில்லை. வலையில் விழுவது குருவிதான்.

சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை

பொட்டலம் போய்ச்சேரும் இடங்களில் மிகவும் பெயர்பெற்றது சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை. தேக்கா சந்தையைச் சுற்றிய அந்தப் பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் துவாஸ், ஜூரோங், கிராஞ்சி பக்கத்துத் தொழிலாளர் விடுதிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஊருக்குப் போய்வந்தவர் ஒரு பையோடு நிற்பார். ஐந்தாறு பேர் வந்து ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொள்வார்கள். புல்தரையிலேயே ஒருவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் நீட்டுவார். ஊரில் மழை பெய்ததா, ஏரி நிரம்பியதா, கடலை என்ன விலை போனது என்று பேச்சு நீளும். பையைக் கொண்டுவந்தவர் பொட்டலத்தோடு சேதியையும் கொண்டுவந்தவர். எந்தக் கூரியரும் அதைக் கொண்டு வராது.

அதனால்தான் இந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்கில்லை. கொடுப்பதற்கு முன், பெறுகிறவருக்கும் சுமக்கிறவருக்கும் இடையே பேச்சு முடிந்திருக்க வேண்டும். இவர் இன்ன தேதியில் வருகிறார், இன்ன பொருள், இன்ன எடை என்று மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பொட்டலத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் வழக்கு வராது. வாங்கப் போகிறவர் குறித்த நேரத்துக்குப் போகவேண்டும். பாரம் சுமந்தவரை விடுதி வாசலில் காக்கவைக்கக் கூடாது.

தபால் வழியும் உண்டு

சுமப்பவர் கிடைக்காவிட்டாலோ, சங்கடப்படுத்த மனம் இல்லாவிட்டாலோ, தலைமை அஞ்சலகங்களில் வெளிநாட்டு ஸ்பீடு போஸ்ட், விமானப் பார்சல் வசதிகள் இருக்கின்றன. உள்ளே என்ன, எவ்வளவு, என்ன மதிப்பு என்று சுங்கப் படிவத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். போய்ச்சேர நாளாகும், செலவும் கூடும். ஆனால் பொருளின் பெயரும் அனுப்புகிறவர் பெயரும் மேலேயே இருப்பதால் இன்னொருவர் தலையில் பழி விழாது. இறங்கும் நாட்டின் தடைப்பட்டியல் தபாலுக்கும் பொருந்தும் என்பதை மறக்கக்கூடாது.

சில மகளிர் குழுக்கள் வத்தலும் ஊறுகாயும் பொடியும் செய்து, ஊருக்கு வருகிறவர்கள் கையில் விற்பனைக்கே கொடுத்தனுப்பிப் பார்க்கின்றன. சொந்த உபயோகத்துக்கு என்று போகும் பையில் வியாபாரச் சரக்கு போகக்கூடாது. முப்பது பாக்கெட் ஒரே ஊறுகாய் இருந்தால் சுங்கத்தில் நிறுத்துவார்கள். நல்ல கிராக்கி இருக்கிறது என்று தெரிந்தால், உணவுப் பாதுகாப்புப் பதிவும், ஏற்றுமதி எண்ணும் வாங்கி, அஞ்சல் துறையின் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' எனும் ஏற்றுமதி மையம் வழியாகச் சிறு அளவிலேயே அனுப்பத் தொடங்கலாம். விதை, செடி, பச்சைக் காய்கனி என்றால் பயிர் நலச் சான்று தேவை. சென்னை மீனம்பாக்கத்தில் மண்டலப் பயிர்த் தடுப்புக்காப்பு நிலையம் இருக்கிறது. வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

கட்டும் முன் ஐந்து கேள்வி

பொட்டலத்துக்குக் கயிறு கட்டும் முன் வீட்டில் இருப்பவர்கள் ஐந்தை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். இந்தப் பொருள் இறங்கும் நாட்டில் அனுமதிக்கப்பட்டதா? நன்றாகக் காய்ந்து, பூச்சியில்லாமல் இருக்கிறதா? உள்ளே இருப்பதன் பெயரும் எடையும் மேலே எழுதியிருக்கிறதா? சுமப்பவர் திறந்து பார்த்தாரா? வாங்கப்போகிறவருக்குத் தகவல் சொல்லியாயிற்றா?

முதல் நான்கில் ஏதாவது ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அந்தப் பொட்டலம் அடுத்த பயணம் வரை அலமாரியில் இருக்கட்டும். வத்தல் இன்னொரு மாதம் காத்திருந்தாலும் கெடாது. அதைச் சுமந்து போகிறவர், தன் வேலையையும் தன் பெயரையும் நம்பி ஒரு குடும்பமே இருக்கிற பிள்ளை.